அறுபத்திரண்டு கைநாட்டு

மேட்டுப்பாளையம்
4-2-1996

அன்புள்ள தம்பிதுரை,

ஒன்றேகால் வருடமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போது எழுதுவதும் உன் நலம் விசாரிக்க அல்ல. நீ நன்றாகத்தான் இருப்பாய். 'நொய்யல் மெடிக்கல் ஜர்னல்' அட்டையில் கௌரவ ஆசிரியர் என்று உன் பெயர் போன தடவையைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது.

ஜனவரி இதழ் நேற்றுதான் கைக்கு வந்தது. இந்த ஆஸ்பத்திரியில் அதைப் பிரித்துப் படிக்கிற ஒரே டாக்டர் நான்தான். பதினேழாம் பக்கத்தில் நம் பேராசிரியர் டாக்டர் சென்னியப்பனின் கட்டுரை. கழிவுப் பஞ்சு குடோனில் வேலை செய்யும் பெண்களுக்கு வரும் மூச்சடைப்பு பற்றி. சிங்காநல்லூரில் ஒரே சந்தில் குடியிருக்கும் அறுபத்திரண்டு பேர். பாதிப் பேருக்கு மருந்து மாத்திரை, மீதிப் பேருக்கு உள்ளே ஒன்றுமில்லாத வெறும் மாத்திரை, பதினெட்டு மாதம். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. கடைசியில் மருந்து வேலை செய்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். அதை நாம் மூன்றாம் வருடத்திலேயே படித்துவிட்டோம்.

அந்தச் சந்து உனக்குத் தெரியும். என் அம்மாவின் தங்கை பூவாத்தாள் சித்தி அங்கேதான் இருந்தாள். நான் டாக்டருக்குப் படித்தபோது விடுமுறையெல்லாம் அவள் வீட்டில்தான் சோறு. நீ ஒரு தடவை என்னை இறக்கிவிட வாசல்வரை வந்திருக்கிறாய்.

மூன்றாம் அட்டவணையை எடுத்துப் பார். 'தொடர்பு விட்டுப்போனவர்கள்: நால்வர்' என்று இருக்கும். அந்த நாலு பேரில் சித்தி ஒருத்தி. அவள் எங்கேயும் போகவில்லையடா. 1994 நவம்பர் 21, திங்கட்கிழமை காலை, குடோன் வாசலில் மூச்சு முட்டி விழுந்து செத்தாள். ஞாயிறு ஒருநாள் பஞ்சுத் தூசியிலிருந்து விலகியிருந்துவிட்டுத் திங்களன்று உள்ளே போனால்தான் நெஞ்சு அதிகமாக அடைக்கும். கட்டுரையில் அதையும் அழகாக எழுதியிருக்கிறார். சாவுக்கு நீ வரவில்லை, ஒரு கார்டுகூடப் போடவில்லை. அதனால்தான் நானும் எழுதவில்லை.

ஒரே ஒரு கேள்வி. 'உங்களில் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரைதான் கிடைக்கும், சம்மதமா' என்று அந்தப் பெண்களை யாராவது கேட்டார்களா? கேட்டதற்குத் தாள் இருந்தால் எனக்குக் காட்டு.

கதிரேசன்

*

கோயம்புத்தூர்
15-2-1996

அன்பு நண்பன் கதிரேசனுக்கு,

உன் வருத்தம் புரிகிறது. சித்தி இறந்தபோது நான் டெல்லியில் ஒரு மாநாட்டில் இருந்தேன். திரும்பியதும் எழுத நினைத்தேன். நாள் தள்ளிப் போகப் போக எழுதக் கூச்சமாகிவிட்டது. என் தவறுதான், மன்னித்துக்கொள்.

ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டு எதையும் அச்சுக்கு அனுப்புகிறவன் அல்ல. நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதமும், ஆய்வுக்கு உட்பட்ட ஒவ்வொருவரின் சம்மதப் பத்திரமும் இல்லாமல் கட்டுரை எடுப்பதில்லை என்ற விதியைக் கொண்டுவந்தவனே நான்தான். பத்திரிகையை நடத்தும் டாக்டர்கள் சங்கக் கூட்டத்தில் எத்தனை பேர் என்னை முறைத்தார்கள் தெரியுமா? சார் இரண்டையும் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார். குழுவில் ஐந்து பேர், அதில் ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதி. சம்மதப் பத்திரம் தமிழில் அச்சடித்தது. வாசித்துக் காட்டி, ஒவ்வொருவரிடமும் கைநாட்டு வாங்கியிருக்கிறது. அறுபத்திரண்டையும் நானே புரட்டிப் பார்த்தேன். உறுத்தலாக ஒன்றும் இல்லை.

உனக்காக எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். யாருக்கு எந்த மாத்திரை என்ற பட்டியலும் இருக்கிறது. சித்தியின் எண் 27. பார்த்தால் மனம் கொஞ்சம் ஆறும். வெளியே யாருக்கும் காட்ட வேண்டாம்.

'தொடர்பு விட்டுப்போனவர்' என்பது எல்லாக் கட்டுரையிலும் போடுகிற வழக்கமான சொல். அதைப் போய் மனதில் வைத்துக்கொள்ளாதே. கட்டுரை பற்றி ஆட்சேபம் இருந்தால் ஆசிரியருக்குக் கடிதம் என்ற பகுதிக்கு ஆங்கிலத்தில் நானூறு வார்த்தைக்குள் எழுது, பரிசீலிக்கிறேன். சாருக்கு இப்போது உடம்பு சரியில்லை. உன் முதல் வேலைக்கு நற்சான்றிதழ் கொடுத்தவர் அவர் என்பதை நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

வீட்டில் மெர்சிக்கு என் வணக்கம்.

தம்பிதுரை

*

மேட்டுப்பாளையம்
3-3-1996

தம்பிதுரை,

ஜெராக்ஸ் கட்டு கிடைத்தது. அறுபத்திரண்டு பேரின் பெயரையும் வியாதியையும் தபாலில் எனக்கு அனுப்பலாமா என்று நீயும் அவர்களைக் கேட்கவில்லை. பழக்கம் அப்படி, போகட்டும்.

முதலில் அனுமதிக் கடிதம். தேதி 12-8-1995. மாத்திரை கொடுத்து முடித்தது 1994 டிசம்பரில். எட்டு மாதம் கழித்து உன் நீதிபதி 'ஆய்வைத் தொடங்கலாம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நல்ல நீதி.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் சம்மதப் பத்திரங்களை மேஜையில் பரப்பி வைத்திருந்தேன். மெர்சி வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு தாளை எடுத்தாள், கீழே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். "ஏனுங்க, இதென்னுங்க அத்தனையும் கைநாட்டா இருக்குது?" என்றாள்.

"படிக்காதவங்க கைநாட்டுத்தானே வெப்பாங்க" என்றேன். நான்தான் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் உதற முடியவில்லை. "அந்தச் சந்துல கைநாட்டு வெக்கற பொம்பளை ஒருத்திகூட இல்லீங்க. எட்டு மாசம் உக்காந்து சொல்லிக் குடுத்தவ நானுங்க. மறந்துபோட்டீங்களா?" என்றாள்.

மறந்துதான் போயிருந்தேன். 1992-ல் அங்கே அறிவொளி வகுப்பு எடுத்தவள் மெர்சி. குடோன் வேலை முடிந்து, தலையில் பஞ்சோடு வந்து உட்காருவார்கள். சித்திக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. 'பூ' என்ற எழுத்தின் சுழி வராமல் பதினைந்து நாள் அழுதாள். வந்த பிறகு கதவுக்குப் பின்னால், காலண்டருக்குப் பின்னால், எங்கே பார்த்தாலும் அவள் கையெழுத்துத்தான். ரேஷன் கடையில் எவளாவது பழக்க தோஷத்தில் கைநாட்டு வைத்துவிட்டால் அன்று முழுக்கக் குழாயடியில் அவளை ஓட்டித் தள்ளிவிடுவார்கள். வகுப்பு முடிந்த நாளில் சின்னத்தாயி அக்கா மெர்சியின் மை டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். "இனி இது எவளுக்கும் வேண்டாமுங்க டீச்சர், எங்கூட்லயே கெடக்கட்டும்" என்றாளாம். இதெல்லாம் உன் பேராசிரியர் மாத்திரை டப்பாவோடு அந்தச் சந்துக்குள் வருவதற்கு ஒரு வருடம் முன்பே நடந்தது.

சாருக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை. அந்த ஜனங்கள் என்றால் கைநாட்டு என்று முடிவு செய்து, யாரோ கையில் மை தடவி அறுபத்திரண்டு தடவை குத்தி அனுப்பிவிட்டார். நீ அத்தனையையும் புரட்டிப் பார்த்துவிட்டு உறுத்தலாக ஒன்றும் இல்லை என்று எழுதுகிறாய். நாம் கல்லூரியில் சேர்ந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? குமாஸ்தா உன் அப்பாவிடம் பேனாவை நீட்டினார். என் அம்மா வந்ததும், ஒரு வார்த்தை கேட்காமலே மை டப்பாவை நகர்த்தி வைத்தார். நீ பக்கத்தில்தான் நின்றாய். அன்றைக்கும் உனக்கு உறுத்தவில்லை. எனக்கும் இன்று ஒரு நிமிடம் உறுத்தாமல் போனது. அந்த வெட்கம் எனக்கு இருக்கிறது.

எண் 27-ஐப் பார்த்தேன். வெறும் மாத்திரை. மனம் ஆறும் என்று எழுதியிருந்தாய்.

எனக்கு வேண்டியது இரண்டு. கட்டுரையைத் திரும்பப் பெறு, ஏன் என்பதைத் தெளிவாக அச்சிடு. அதை நீயே அந்தச் சந்துக்கு வந்து, தமிழில், அவர்கள் முன்னால் படி.

கதிரேசன்

*

கோயம்புத்தூர்
9-4-1996

கதிரேசா,

ஒரு மாதம் பதில் போடாமல் இருந்ததற்கு என்ன வேண்டுமானாலும் சொல். நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

பத்திரங்களின் அசலை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குறுக்கே வெட்டுத் தழும்புள்ள ஒரே கட்டை விரல், பத்தொன்பது தாளில். மீதி நாற்பத்து மூன்றும் இரண்டே பேருடைய விரல். தழும்பு யாருடையது என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. சார் ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர் இருபது வருடமாக எனக்குத் தெரிந்தவர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீயாகக் கண்டுபிடித்துத் திட்டுவதற்குள். போன ஆகஸ்ட் முதல் தேதி நான் சாருக்கு எழுதினேன். 'கட்டுரை நன்றாக இருக்கிறது. அனுமதிக் கடிதமும் சம்மதப் பத்திரமும் இரண்டு வாரத்துக்குள் வந்தால் ஜனவரி இதழில் சேர்த்துவிடலாம்' என்று. பதின்மூன்றாம் நாள் கட்டு வந்துவிட்டது. முன்பே வாங்கி வைத்தது என்றால் மறுநாளே அனுப்பியிருக்கலாமே என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அந்தப் பெண்களைக் கேட்டீர்களா என்று நான் அவரைக் கேட்கவே இல்லை, கதிரேசா. தாளைத்தான் கேட்டேன். தாள் வந்தது, கோப்பில் வைத்தேன்.

அவர் என் மனைவிக்குப் பெரியப்பா. இரண்டு தடவை மாரடைப்பு வந்த மனுஷன். காரணத்தோடு அச்சிட்டால் அவர் தாங்கமாட்டார், என் வீட்டில் அடுப்பும் எரியாது. ஒரு திருத்தம் போடுகிறேன். 'தொடர்பு விட்டுப்போனவர்கள் நால்வரில் இருவர் இறந்துவிட்டனர்' என்று. அதையாவது ஏற்றுக்கொள்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ ஒரேயடியாக என்னை மட்டும் கூண்டில் ஏற்றுவதால் எழுதுகிறேன். சாரைப் போய்ப் பார்த்தேன். படுத்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பொம்பளை மாத்திரையை நிறுத்திப்போடறேன்னுதான் கம்பவுண்டர்கிட்டச் சொல்லிட்டு இருந்துச்சு. தீவாளி கழிச்சு அதே வந்து, எங்க பையன் டாக்டரு, உங்ககிட்டப் படிச்சவன், நிறுத்தாம சாப்புடுன்னு சொல்லிப்போட்டானுங்கன்னு சொல்லுச்சு. அப்பறம் என்னைய எதுக்குக் கேக்கறான்?"

இது உண்மையா?

தம்பிதுரை

*

மேட்டுப்பாளையம்
20-4-1996

தம்பிதுரை,

உண்மைதான்.

தீபாவளிக்கு நாங்கள் சிங்காநல்லூர் போயிருந்தோம். சித்தி மாத்திரை டப்பாவை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். "கண்ணு, இத முழுங்கியும் திங்கக்கெழமையானா மூச்சு இழுக்குதே. உட்டுப்போட்டுப் பெரியாசுபத்திரிக்கே போகட்டுமா?" என்று கேட்டாள். நான் டப்பாவின் மேல் ஒட்டியிருந்த பெயரைப் படித்தேன். ஸ்டெதாஸ்கோப் பையில்தான் இருந்தது. எடுத்து வைத்துக் கேட்கவில்லை. "எங்க சாரோட மாத்திரை சித்தி, பெரிய டாக்டரு, ஒரு வேளைகூட நிறுத்தாதே" என்றேன். நம் சந்துக்கு நம் சார் வந்து மருந்து கொடுக்கிறார் என்று எனக்கு அவ்வளவு பெருமை. அவளும் அந்தப் பெருமையோடுதான் போனாள். மூன்று வாரம்கூட ஆகவில்லை.

மெர்சியிடம் இதைச் சொன்னது போன மாதம்தான். ஒன்றரை வருடம் விழுங்கிக்கொண்டு திரிந்தேன். இப்போது உனக்கும் தெரிந்துவிட்டது. வைத்துக்கொள்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அது வெறும் மாத்திரை என்று எனக்குத் தெரியாது. சாருக்குத் தெரியும். மூச்சு இழுக்கிறது என்று அவள் கம்பவுண்டரிடம் சொன்னபோதும் தெரியும். என் பேச்சைச் சாக்காக வைத்து அவளைத் திருப்பி அனுப்பியபோதும் தெரியும். செத்த பிறகு, தொடர்பு விட்டுப்போனவள் என்று எழுதியபோதும் தெரியும்.

என் பங்கை நான் மறைக்கப்போவதில்லை. இந்தக் கடிதத்தை உன் பத்திரிகையில் அப்படியே போடு. நானூறு வார்த்தைக்குள்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் வேண்டுமானால் நீயே மாற்றிக்கொள். என் முழுப் பெயர், வேலை செய்யும் இடம் எல்லாம் போடு. கீழே கையெழுத்து இட்டிருக்கிறேன்.

உன் திருத்தம் எனக்கு வேண்டாம். அச்சிட வேண்டியதையும், சந்தில் வந்து படிக்க வேண்டியதையும் போன கடிதத்திலேயே எழுதிவிட்டேன். உன் மனைவியின் பெரியப்பாவுக்கு இரண்டு தடவை மாரடைப்பு வந்தது எனக்கும் வருத்தம்தான். அவர் விழுங்கியது நிஜ மாத்திரை, பிழைத்துக்கொண்டார்.

கதிரேசன்

*

கோயம்புத்தூர்
6-8-1996

அன்புள்ள கதிரேசனுக்கு,

நீ கேட்டதை ஒருவழியாகச் செய்து முடித்துவிட்டேன். ஜூலை இதழைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நாற்பத்தெட்டாம் பக்கம், கீழே பார். 'ஜனவரி இதழில் பக்கம் 17-இல் வெளியான கட்டுரை, கட்டுரையாளரின் வேண்டுகோளுக்கு இணங்கத் திரும்பப் பெறப்படுகிறது.' இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் வீட்டிலும் சங்கத்திலும் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இதற்கு மேல் காரணம் எழுதினால் வழக்கு வரும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். உன் கடிதத்தையும் போட வேண்டாம் என்றார். அது உன் நன்மைக்கும்தான்.

போன ஞாயிறு அந்தச் சந்துக்கும் போனேன். உனக்கு டூட்டி என்று மெர்சி சொன்னாள். அவளே எல்லோரையும் கூட்டி உட்கார வைத்திருந்தாள். அறிவிப்பைத் தமிழில் படித்தேன். அமைதியாகக் கேட்டார்கள். ஒன்றிரண்டு பேர் சந்தேகம் கேட்டார்கள், விளக்கினேன். டீ கொடுத்தார்கள், குடித்தேன். எழுத்தில் ஏதோ வேண்டும் என்றார்கள். பத்திரிகையின் லெட்டர்ஹெட்டில் முறைப்படி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் சுமுகமாகவே முடிந்தது.

இத்தோடு நமக்குள் இருந்த கசப்பு தீரட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயும் மெர்சியும் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்.

உன் நண்பன்,
தம்பிதுரை

*

மேட்டுப்பாளையம்
14-8-1996

தம்பிதுரை,

நாற்பத்தெட்டாம் பக்கத்தைப் பார்த்தேன். அதற்கு மேலே ஒரு டானிக் விளம்பரம் இருக்கிறது, அது இதைவிடப் பெரிது.

சுமுகமாக முடிந்தது என்று எழுதியிருக்கிறாய். மெர்சி அங்கேதான் இருந்தாள். நடந்ததை நானும் எழுதிவிடுகிறேன், இரண்டு பிரதி இருக்கட்டும்.

நீ படித்து முடித்ததும் சின்னத்தாயி அக்கா எழுந்தாள். "ஏனுங்க டாக்டரு, வேண்டுகோளுக்கு இணங்கன்னா என்னுங்க?" என்று கேட்டாள். "அவரே வேண்டாம்னு எடுத்துக்கிட்டாருங்க" என்றாய். "எங்களைக் கேக்காம வெறும் மாத்திரை குடுத்தாங்க, பூவாத்தா அதுல செத்துப்போனான்னு அதுல எளுதியிருக்குதுங்களா?" என்றாள். நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய்.

அப்புறம் அவள் ஒரு நோட்டை நீட்டினாள். நீ 'எழுத்தில் ஏதோ' என்று எழுதியது அதைத்தான். உனக்காக அவர்கள் ஒரு வாரமாகக் கூடி உட்கார்ந்து எழுதியது. இரண்டே வரி. 'எங்களை யாரும் கேட்கவில்லை. டாக்டர் காட்டிய தாளில் இருப்பது எங்கள் கைநாட்டு இல்லை.' கீழே ஐம்பத்தெட்டு கையெழுத்து. பூவாத்தாள் பெயரையும் செத்துப்போன இன்னொருத்தியின் பெயரையும் மெர்சி எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருந்தாள். கடைசியில் உன் கையெழுத்துக்கு ஒரு காலி வரி. "படிச்சுப் பாருங்க. நெசம்னா கீழ ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று அக்கா கேட்டாள்.

படித்தாய். நிஜம் என்று லென்ஸ் வைத்துப் பார்த்த உனக்குத் தெரியும். பேனாவை எடுத்தாய், மூடியைத் திறந்தாய், மறுபடி மூடிச் சட்டைப்பையில் செருகினாய். லெட்டர்ஹெட்டில் முறைப்படி அனுப்புகிறேன் என்றாய்.

அக்கா வீட்டுக்குள் போய் மை டப்பாவைக் கொண்டுவந்தாள். நாலு வருடம் முன்பு மெர்சியிடம் பிடுங்கி வைத்த அதே டப்பா. மூடியைத் திறந்து உன் முன்னால் வைத்தாள். "கையெளுத்துப் போட வராதுங்களா சாமி? பரவாயில்லீங்க. கைநாட்டு வெச்சுப்போடுங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லையாம். நீ எழுந்து காருக்குப் போய்விட்டாய். நீ குடித்ததாக எழுதிய டீ டம்ளர் நிரம்ப அப்படியே இருந்தது. மெர்சிதான் எடுத்துக் கொட்டினாள்.

சாப்பிட வரச் சொன்னதற்கு நன்றி. வரமாட்டோம். இருபது வருடம் நீ எனக்கு நண்பன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்புக்காகத்தான் இன்று அதிகமாக அழுகை வருகிறது.

மருத்துவக் கவுன்சிலுக்கு நேற்று பதிவுத் தபாலில் புகார் அனுப்பிவிட்டேன். அதில் முதல் பக்கத்தில் என் தீபாவளிக் கதையை எழுதியிருக்கிறேன். சாரின் பெயர் இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறது. உன் ஏப்ரல் கடிதத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். அதை அனுப்பவில்லை. உன்னைக் கேட்காமல் அனுப்பக் கூடாது அல்லவா? அதனால் இப்போது கேட்கிறேன். அனுப்பச் சம்மதமா? சம்மதம் என்றால் சிங்காநல்லூர் போய் அந்த நோட்டில் கையெழுத்துப் போடு, எனக்கு அது போதும்.

நோட்டு சின்னத்தாயி அக்கா வீட்டில் இருக்கிறது. மை டப்பா காய்ந்து கட்டையாகிப் போயிருந்ததாம். நீ வந்துபோன மறுநாள் கடைக்குப் போய் ஒரு புட்டி மை வாங்கி ஊற்றி வைத்திருக்கிறாள். நீ எப்போது வந்தாலும் ஆகும்.

கதிரேசன்